ஐஸ் இருந்தது

பான் நொங் தேவ்
ஆகஸ்ட் 3

கன்லயா,

உன் காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். அப்பாவின் தலைமாட்டில் ஒட்டச் சொன்னாயே, இரண்டு புள்ளியும் நடுவில் மேலே ஏறும் ஒரு கோடும் போட்ட காகிதம், அதுதான். ஐசியூவில் அவர் சாமான்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பல்செட், கண்ணாடி, இந்தக் காகிதம். பல்செட்டும் கண்ணாடியும் அவரோடு எரிந்துவிட்டன. இது உன்னுடையது, நீயே வைத்துக்கொள்.

சுடுகாட்டில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "நீங்கல்லாம் சேர்ந்து பதினோரு நாளைக்கு முன்னாடியே அவரக் கொன்னிருப்பீங்க." வேட்டுச் சத்தத்திலும் எல்லோருக்கும் கேட்டது. என் மாமியாருக்குக் காது சரியாகக் கேட்காது, அவருக்கே கேட்டது.

நடந்ததை நான் எழுதுகிறேன், நீ மறந்திருப்பாய். ஜூலை இரண்டாம் தேதி அப்பாவைச் சேர்த்தோம். நாற்று நட இறங்கியவருக்குக் காலில் கீறல், சர்க்கரை வேறு, மண்ணில் இருக்கும் அந்தக் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். ஒன்பதாம் நாள் விடிந்ததும் டாக்டர் வொரவிட் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா இப்பவே யோசிச்சுக்கங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். வண்டி சொன்னேன். ராத்திரி கூடத்தில் பாய் விரித்தேன், தலை கிழக்கே. காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே வர ஒரு நர்ஸ் ஒத்துக்கொண்டாள். நீர்க்கரை கிராமத்திலிருந்து பெரியப்பா பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தபின் வாயிலிருக்கும் குழாயை எடுப்பதாக ஏற்பாடு.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு நீ போன் செய்தாய். "அக்கா, கூட்டிட்டுப் போயிடாத. ரத்தம் நல்லாயிருக்கு. ஏறிடுச்சு." நான் பாயைச் சுருட்டினேன். வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன்.

பதினோரு நாள். அதற்கப்புறம் மத்தியானம் மூன்று மணிக்கு, பார்வையாளர் நேரம் இல்லாத நேரத்தில், வாயில் குழாயோடு போனார். நான் வராந்தாவில் உட்கார்ந்து ஒட்டரிசிச் சோறு தின்றுகொண்டிருந்தேன். கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். வாயில் சோறு இருந்தது.

போனில் உன் நம்பரை அடைத்துவிட்டேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ விளக்குவாய். ஏதாவது சொல்ல இருந்தால் எழுதி வேன் ஓட்டும் தெப்பிடம் கொடுத்தனுப்பு. படிப்பதா வேண்டாமா என்று நான் முடிவு செய்கிறேன்.

லம்துவன்


கோன் கேன்
ஆகஸ்ட் 6

அக்கா,

காகிதம் வந்தது. தெப் அதைச் சோம்பு மூட்டைக்கும் சேவல் கூடைக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்தான், ஒரு ஓரம் நனைந்துவிட்டது. வைத்துக்கொள்கிறேன். அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

அந்த இரண்டு புள்ளிகள் என்ன என்று ஒரு தடவையாவது கேட்டாயா? கேட்கவில்லை. அதனால் இப்போது சொல்கிறேன், பிடிக்காவிட்டாலும் படி.

ரத்தத்தில் காவல்காரர்கள் மாதிரி ஒரு வகை அணு இருக்கிறது. கிருமியைப் பிடித்துத் தின்னும். தின்றால் மட்டும் போதாது, தின்றதில் ஒரு துண்டை வெளியே நீட்டி மற்ற அணுக்களுக்குக் காட்ட வேண்டும், இதோ இவன்தான் எதிரி என்று. காட்டுவதற்கு அதன் மேல் தோலில் ஆயிரக்கணக்கான கைகள் உண்டு. கிருமி ரத்தத்தில் ஏறியதும் உடம்பு முதலில் மூர்க்கமாகச் சண்டை போடும். காய்ச்சல், வீக்கம், பிரஷர் இறங்குவது எல்லாம் அப்போதுதான். எல்லோரும் அதை மட்டும்தான் பார்க்கிறார்கள். அதே நேரத்தில் உள்ளே வேறொன்று நடக்கும். காவல்காரன் தன் கைகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்வான். கை செய்யச் சொல்லும் கட்டளையே அணுவுக்குள் அணைந்துவிடும். அணு உயிரோடுதான் இருக்கும், எண்ணினால் எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் காவல் இருக்காது. அந்த நேரத்தில் சாதாரண ஆளை ஒன்றும் செய்யாத அற்பக் கிருமிகூட உள்ளே வந்து ஆளை முடித்துவிடும்.

நான் எண்ணுவது அந்தக் கைகளைத்தான். நல்ல உடம்பில் ஒரு அணுவுக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேல். எட்டாயிரத்துக்குக் கீழே போனால் ஆபத்து. அப்பாவுக்கு மூன்றாம் நாள் மூவாயிரத்து நூறு. ஒன்பதாம் நாள் பன்னிரண்டாயிரத்து நானூறு. புரிகிறதா? கைகள் திரும்ப முளைத்துக்கொண்டிருந்தன. டாக்டர் வொரவிட் பிரஷரையும் சிறுநீரையும் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். நான் உள்ளே பார்த்தேன். உள்ளிருந்து எழுந்து வரும் மனுஷனை வண்டியில் ஏற்றி, பாயில் படுக்க வைத்து, சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து குழாயைப் பிடுங்கியிருப்பீர்கள். சுடுகாட்டில் சொன்னதை அதனால்தான் சொன்னேன். சொன்ன இடம் தப்பு, சொன்னது தப்பில்லை.

அப்பா மண் கிருமியால் சாகவில்லை. பதினைந்தாம் நாள் நுரையீரலில் புதிதாக ஒன்று வந்ததே, அதனால் செத்தார். அது குழாய் வழியாக வந்தது. குழாய்க்கு யாருடைய கையிலிருந்தோ வந்தது. அங்கே அப்பாவைத் தொட்டுக்கொண்டே இருந்தவள் உன் பள்ளித் தோழி, நர்ஸ் பிரானி. அவள் கை கழுவினாளா என்று அவளைக் கேள். ஆஸ்பத்திரிக்குப் புகார் எழுதப் போகிறேன். என் எண்ணைத் திட்டாதே. கழுவாத கையைத் திட்டு.

கன்லயா


பான் நொங் தேவ்
ஆகஸ்ட் 12

படித்தவளே,

பிரானி பேரை இன்னொரு தடவை எழுதினால் நானே கோன் கேனுக்கு வந்து உன் லேப் வாசலில் நின்று கத்துவேன். டயர் கடைக்காரி குரல் எப்படி இருக்கும் என்று உன் பெரிய டாக்டர்களுக்கும் தெரியட்டும்.

உனக்கு அந்த ரத்தத்தை எடுத்துக் கொடுத்தவளே பிரானிதான். உன் லேப் ஆராய்ச்சியில் அப்பா பேர் கிடையாது, கையெழுத்துப் போட்ட தாள் கிடையாது. நீ என்னிடம் போனில் கெஞ்சினாய், நான் அவளிடம் கெஞ்சினேன். "இது தெரிஞ்சா எனக்கு வேலை போயிடும் லம்துவன்" என்று சொல்லிக்கொண்டேதான் எடுத்தாள், இரண்டு தடவையும். அவள் கையை நீ பார்த்ததில்லை. மருந்துத் தண்ணீரில் கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கிறது. நான் கடையில் வைத்திருக்கும் கிரீஸைக் கேட்டு வாங்கித் தடவிக்கொள்கிறாள். பதினோரு கட்டிலுக்கு மூன்று பேர், தெரியுமா உனக்கு? அப்பாவுக்கு முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டவள் அவள். நீ இருபது நாளில் எத்தனை தடவை வந்தாய்? இரண்டு. ஒரு தடவை செருப்பைக் கழற்றாமல் உள்ளே போய்த் திட்டு வாங்கினாய்.

இன்னொன்று. ஆறாம் நாள் அவர் கண் திறந்தார். வாயில் குழாய், பேச முடியாது. என் கையைப் பிடித்து உள்ளங்கையில் விரலால் எழுதினார். இரண்டு தடவை எழுதினார். வீடு. உடனே உனக்குப் போன் செய்து சொன்னேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "மயக்க மருந்துல அப்படித்தான் எழுதுவாங்க, அதுக்கெல்லாம் அர்த்தம் தேடாத." அவர் தெளிவாகத்தான் இருந்தார், கன்லயா. டயர் கடைப் பலகையில் எழுதுவாரே, அதே கோணல் எழுத்து.

ரத்தம் கொண்டுவந்த கதையையும் சொல்கிறேன். முதல் தடவை தெப்பிடமே பெட்டியைக் கொடுத்தனுப்பினேன். இரண்டாவது தடவை மனசு கேட்கவில்லை. அப்பாவின் ரத்தத்தைச் சேவல் கூடையோடு எப்படி அனுப்புவது? நானே வந்தேன். நாலரை மணி நேரம், வழியெல்லாம் ஒரு குழந்தை வாந்தி. உன் கேட்டில் வந்து கொடுத்தேன். நீ கையுறை போட்டு வாங்கிக்கொண்டு ஓடினாய். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

ஏழாம் நாள் காரியத்தில் பிக்கு கேட்டார், ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைக் கூப்பிட்டு வந்தீர்களா என்று. இல்லை என்றேன். கட்டிலில் போனவரைக் கட்டிலில் போய்க் கூப்பிட வேண்டும், வழியில் பாலம் வந்தால் பாலம் என்றும், திருப்பம் வந்தால் திருப்பம் என்றும் சொல்லிக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் வீடு தெரியாமல் அங்கேயே நிற்பார் என்றார். எனக்கும் தெரியும். நான் போக மாட்டேன். அவரை அங்கே நிறுத்தி வைத்தவள் நீ. நீ வந்து கூப்பிடு. நூறாம் நாள் அக்டோபர் 29. அதற்குள் வரவில்லையென்றால் அப்பா அந்த வராந்தாவிலேயே நிற்பது உன்னால்தான்.

லம்துவன்


கோன் கேன்
ஆகஸ்ட் 25

அக்கா,

புகார் எழுத உட்கார்ந்தேன். இன்னும் அனுப்பவில்லை. அனுப்பாததற்கு உன் மிரட்டல் காரணமில்லை.

புகாருக்கு ஆதாரமாக அப்பாவின் எண்களைச் சேர்க்க நினைத்தேன். அதற்கு எங்கள் லேப் தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று, தாள் இல்லாமல் ரத்தம் வாங்கியதையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. இரண்டு எண்ணையும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, நுரையீரலில் வந்த கிருமி எது என்று கேட்டார். சொன்னேன். "பன்னெண்டாயிரம் இருக்கிற ஆளுக்கு இது வராதும்மா. இது வந்திருக்குன்னா பன்னெண்டாயிரம் இருந்திருக்காது" என்றார். எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மிஷின் சரி, மருந்து சரி, நான் பத்து வருஷமாக எண்ணுகிறேன் என்று வாதாடினேன். அப்புறம் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

அதே கேள்வியை உன்னிடம் கேட்கிறேன். ரத்தம் இருந்த குழாய் வழி முழுக்க ஐஸில் இருந்ததா?

பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது: வந்த நேரம் 1.10. ஐஸ் இருந்தது. பெட்டியைத் திறந்தபோது ஐஸ் இருந்தது உண்மை. குழாய் ஐஸுக்கு நடுவில் இருந்ததும் உண்மை. ஆனால் ஒன்று எழுதாமல் விட்டேன். கையில் எடுத்தபோது கையுறைக்குள் சில்லென்று இல்லை. நாலரை மணி நேரம் ஐஸில் கிடந்த குழாய் விரலைக் கடிக்க வேண்டும். இது கடிக்கவில்லை.

அதனால் போன வாரம் என் ரத்தத்தையே எடுத்துப் பார்த்தேன். ஒரு குழாயை ஐஸில் வைத்தேன், இன்னொன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை வேலை செய்தேன். ஐஸில் இருந்தது அப்படியே இருந்தது. சட்டைக்குள் இருந்தது ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வேறு நோயாளிகளின் ரத்தத்திலும் பார்த்தோம், சிலருக்கு மூன்று மடங்கு. ரத்தம் உடம்பை விட்டு வந்த பிறகும் அணுவுக்கு உயிர் இருக்கிறது. சூட்டில் விட்டால் அது குழாய்க்குள்ளேயே கைகளை நீட்ட ஆரம்பித்துவிடும். உள்ளே மனுஷன் செத்துக்கொண்டிருந்தாலும் நீட்டும். அப்பாவுக்குள் நடக்காத ஒன்று குழாய்க்குள் நடந்திருக்கலாம்.

தெப்பிடம் கேட்டேன். "எனக்கு ரோடு மட்டும்தான் தெரியும், பின் சீட்டுல நடக்கிறது எனக்கு எதுக்கு" என்றான். அப்படிச் சொன்னபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐஸ் பெட்டியில் வை என்று பிரானியிடம் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன். என்ன நடந்தது என்று எழுது. சுற்றி வளைக்காமல் எழுது.

கன்லயா


பான் நொங் தேவ்
செப்டம்பர் 9

கன்லயா,

இரண்டு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நாலு தாளைக் கிழித்தாயிற்று. சோம்கித் கேட்டார், என்னடி பொண்டாட்டி, கடைக் கணக்கா இதுன்னு. வாயை மூடச் சொன்னேன்.

குழாய் ஐஸில் இல்லை. போதுமா?

எட்டாம் நாள் நாங்கள் அவர் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினோம். பிரானி திரை மறைவில் விட்டாள். உடம்பில் இருக்கும் முப்பத்திரண்டு க்வான் உயிர்களும் பயந்து ஓடிப்போயிருக்கின்றன, ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும் என்று பூசாரி மந்திரம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு என்னிடம், "உடம்பச் சில்லுன்னு வைக்காதீங்க, குளிர்ந்தா திரும்பி வந்தது மறுபடி ஓடிடும்" என்றார். அடுத்த நாளே நீ அவர் ரத்தத்தை எடுத்து ஐஸில் போட்டுக் கொண்டு வா என்கிறாய்.

நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் ஏறினேன். மூடியைத் திறந்து பார்த்தேன். அந்தக் குழாய், அப்பா பேர் எழுதின சீட்டோடு, ஐஸுக்கு நடுவில் செத்த மீன் மாதிரி கிடந்தது. பெட்ரோல் பங்கில் வண்டி நின்றபோது எடுத்துவிட்டேன். நூல் கட்டியபோது மிஞ்சிய நூலை அதில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன், நெஞ்சோடு சேர்த்து. வழி முழுக்க அப்பாவோடு பேசிக்கொண்டே வந்தேன். தெப் கண்ணாடியில் பார்த்தான். அவனும் அவன் அம்மாவுக்கு நூல் கட்டியவன்தான்.

உன் கேட் வந்ததும் நூலை அவிழ்த்துவிட்டுப் பெட்டிக்குள் திரும்ப வைத்தேன். ஏன் தெரியுமா? உனக்குப் பயந்து. என்னைவிட ஒன்பது வயது சின்னவள், நான் பஞ்சர் ஒட்டி உன் யூனிபார்ம் தைத்தேன், உனக்குப் பயந்து ஒளித்தேன். பார்த்தால் முகத்தைச் சுளிப்பாய், "அக்கா, உனக்குச் சொன்னா புரியாது" என்பாய். அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை அன்றைக்கு.

இப்போது என் பங்குக்கு நான் கேட்கிறேன். ஐஸில் வை என்றாய், சரி. ஏன் என்று சொன்னாயா? ஒரு வார்த்தை? காவல்காரன், கை, சூட்டில் வைத்தால் பொய் சொல்லும், இதெல்லாம் எனக்குப் புரியாதா? ஆகஸ்ட் மாதம் கடிதத்தில் எழுதினாய், படித்தேன், ஒரே தடவையில் புரிந்துவிட்டது. வெயிலில் கிடந்த டயரில் காற்று அளந்தால் கூடுதலாகக் காட்டும் என்பது எனக்குத் தெரியாதா, இருபது வருஷமாக அதைத்தானே செய்கிறேன்? சூட்டில் அளவு தப்பும் அக்கா என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த ஐஸ் மேலேயே நான் உட்கார்ந்து வந்திருப்பேன். பூசாரி என்ன, புத்தரே வந்து சொன்னாலும் எடுத்திருக்க மாட்டேன். சொல்லவில்லை நீ. சாம்பலைக் கரைத்த பிறகு பாடம் எடுத்தாய்.

சரி, இப்போது எழுது. அப்பாவைப் பதினோரு நாள் குழாயோடு படுக்க வைத்தவள் நான்தான் என்று எழுது. எழுதத்தானே தெப்பை விசாரித்தாய்? எழுதி அனுப்பு, அதையும் தலைமாட்டில் ஒட்டிவைக்கிறேன். இந்த முறை என் தலைமாட்டில்.

லம்துவன்


கோன் கேன்
செப்டம்பர் 20

அக்கா,

எழுத மாட்டேன். அது உண்மையில்லை.

கேட்டில் ஒளித்ததற்கு உன் மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். ரவிக்கைக்குள் வைத்ததற்குக் கோபப்பட முயற்சி செய்தேன், முடியவில்லை. நீ வேனில் அவரோடு பேசிக்கொண்டு வந்தாய் என்று படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் அந்த இருபது நாளும் அவருடைய அணுக்களோடுதான் பேசினேன்.

இப்போது என்னுடையதைக் கேள். குழாய் சில்லென்று இல்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். என் வேலையில் முதல் வருஷப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அப்படி வந்தால் கீழே கொட்டிவிட்டு வேறு குழாய் கேட்க வேண்டும் என்று. வேறு யாருடைய ரத்தமாக இருந்தாலும் கொட்டியிருப்பேன். கொட்டினால் நீ மறுபடி பிரானியிடம் கெஞ்சி, மறுபடி நாலரை மணி நேரம் வந்து, அதற்குள் நீங்கள் அவரை வண்டியில் ஏற்றிவிடுவீர்கள். எனக்கு ஒரு எண் வேண்டியிருந்தது. நல்ல எண் வேண்டியிருந்தது. வந்ததும் துள்ளினேன், பக்கத்து மேஜைக்காரியைக் கட்டிப் பிடித்தேன். ஐஸ் இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வரியை எழுதியவள் நான், நீ இல்லை.

அதைவிடப் பெரிதாக ஒன்று இருக்கிறது. குழாய் நாள் முழுக்க ஐஸில் இருந்து, எண் சரியாகவே வந்திருந்தாலும், அது நூறு பேரைப் பற்றிச் சொல்லும். இந்த மாதிரி இருக்கும் நூறு பேரில் இத்தனை பேர் பிழைப்பார்கள் என்று சொல்லும். ஒரு கட்டிலில் படுத்திருக்கும் ஒரு மனுஷனைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கூட்டங்களில் இதை நானே மேடை ஏறிச் சொல்லியிருக்கிறேன். அன்று காலை போனில் உன்னிடம் சொல்லவில்லை. நல்லாயிருக்கு, ஏறிடுச்சு என்றேன். மகளாக ஆசைப்பட்டதை லேப்காரியின் குரலில் சொன்னேன். அந்தக் குரலை நீ நம்புவாய் என்று எனக்குத் தெரியும். என்னைப் படிக்க வைத்தவளே நீதானே.

வீடு என்று அவர் எழுதியது எனக்குப் புரிந்தது. மயக்க மருந்து என்று சொன்னது பொய்.

சுடுகாட்டில் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. அத்தனை பேர் முன்னால் சொன்னதை அத்தனை பேர் முன்னால்தான் திரும்ப வாங்க வேண்டும், வாங்குகிறேன். ஆராய்ச்சியிலிருந்து என்னை மூன்று மாதம் விலக்கி வைத்துவிட்டார்கள். பிரானி பேரை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவள் கைக்கு ஒரு நல்ல களிம்பு அனுப்பியிருக்கிறேன். கிரீஸ் தடவ வேண்டாம் என்று சொல்.

நூறாம் நாளுக்கு முன்னால் வரட்டுமா? நீ சரி என்றால்தான் வருவேன்.

கன்லயா


பான் நொங் தேவ்
அக்டோபர் 14, காலை

கன்லயா,

மூன்று வாரம் உனக்குப் பதில் எழுதவில்லை, எழுதும் எண்ணமும் இல்லை. உன் கடிதம் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. நீ உன் தப்பை ஒழுங்காக எழுதியிருக்கிறாய், என் தப்பைவிட உன் தப்பு அழகாக இருக்கிறது. அதிலும் நீதான் முதல்.

நேற்று நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உனக்காகக் காத்திருந்து நூறு நாளும் போய்விடும், அப்பா என்ன பாவம் செய்தார் என்று தோன்றியது. அவர் சட்டை, பூ, ஒரு கைப்பிடி சோறு எல்லாம் எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்குப் போனேன். பிரானி உள்ளே விட்டாள். அப்பா இருந்த ஏழாம் நம்பர் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருக்கிறார். அறுபது வயது இருக்கும். அதே குழாய், அதே மிஷின். பக்கத்தில் அவர் மகள், உன் வயதுதான், பேர் சுபத்ரா. நான் எதற்கு வந்தேன் என்று சொன்னால் அவள் பயந்துவிடுவாள். அதனால் சும்மா நின்றேன். வாயைத் திறந்து அப்பா என்று கூப்பிட வரவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்ததும் சட்டையையும் பூவையும் பைக்குள் திரும்ப வைத்தேன்.

கிளம்பும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரானி ஏதோ சொல்லியிருக்கிறாள் போல. "அக்கா, உங்கப்பாவும் இதே கட்டில்ல இருந்தாராமே. எங்கப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதான்னு யோசிக்கச் சொல்றார் டாக்டர். அண்ணனுங்க போலாம்னுறாங்க. எனக்கு மனசு வரல. நீங்க என்ன பண்ணீங்க? நான் என்ன பண்ணட்டும்?"

நான் யாருக்கும் பதில் சொல்லத் தயங்குகிற ஆளா? ஊரே அறியும். கூட்டிப் போ என்று சொல்ல வாய் எடுத்தேன், ஒருவேளை பிழைத்துவிட்டால்? போகாதே என்று சொன்னால், பதினோரு நாள்? கடைசியில் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கொரு தங்கச்சி இருக்கா. இதெல்லாம் படிச்சவ. அவளக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்றே எனக்கு உறைத்தது. வெளியே வந்து உன்னையும் திட்டினேன், என்னையும் திட்டினேன்.

அவள் நாளை மறுநாள் வரை அண்ணன்களை நிறுத்தி வைத்திருக்கிறாள். தெப் மூன்று மணிக்கு உன் கேட்டிலிருந்து திரும்புவான். அவனிடம் பதில் கொடு. எண் வேண்டாம், கோடு வேண்டாம். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

லம்துவன்


கோன் கேன்
அக்டோபர் 14, மூன்று மணி

அக்கா,

தெப் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறான். சுருக்கமாக எழுதுகிறேன்.

எனக்குத் தெரியாது.

அவள் அப்பாவின் ரத்தத்தை இப்போதே கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தாலும், ஐஸிலேயே வைத்து, தாளில் கையெழுத்துப் போட்டு வைத்தாலும், அவர் பிழைப்பாரா என்று எனக்குத் தெரியாது. எனக்கு என்னவெல்லாம் தெரியும் என்று ஒரு மணி நேரம் அவளுக்குச் சொல்ல முடியும். அது முடிந்த பிறகும் அவள் கேட்டதற்குப் பதில் இருக்காது. ஜூலை பதினொன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது இது ஒன்றுதான். சொல்லியிருந்தால் முடிவு உன்னுடையதாக இருந்திருக்கும். நீ அவரைக் கூட்டிப் போயிருப்பாய்.

இதைக் கடிதத்தில் சொல்லி உன்னிடம் கொடுத்தனுப்பினால், நீ என் பேரைச் சொல்லி அவளிடம் சொல்ல வேண்டியிருக்கும். அது நியாயமில்லை. நாளை முதல் வேனில் வருகிறேன். பன்னிரண்டு மணிக்கு அவள் முகத்தைப் பார்த்து நானே சொல்கிறேன், அவள் முடிவு எதுவானாலும் பக்கத்தில் நிற்கிறேன். அப்புறம் அவளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நாம் இரண்டு பேரும் அப்பாவைக் கூப்பிடலாம். நிறுத்தி வைத்தது இரண்டு பேரும்தான்.

பாலமெல்லாம் நீ சொல், எனக்கு அந்த வழியில் எத்தனை பாலம் என்றுகூட ஞாபகம் இல்லை. வீடு வரும்வரை என் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கத்து. அப்பாவுக்கும் கேட்கட்டும். நான் எதையும் விளக்க மாட்டேன்.

கன்லயா